வக்கீல் படிப்புக்கு மேலே ஒரு படிப்பு



குழுக் கூட்டத்தில் உள்கடன் பற்றிப் பேசும்போது இப்படி ஒரு கேள்வி வரலாம். "பொண்ணு பி.எல். முடிச்சிட்டா. கறுப்புக் கோட்டு போட்டு கோர்ட்டுக்குப் போகாம, ஆராய்ச்சி பண்ணணும்ங்கறா. இதுக்குக் கடன் எதுக்கு?" இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

சட்ட ஆராய்ச்சி என்றால் என்ன?

வக்கீல் ஒருவருடைய வழக்கை நடத்துகிறார். ஆராய்ச்சி செய்பவர் அதே மாதிரி நூறு பேரின் கதையைக் கேட்டு, "சட்டம் இருந்தும் பலன் ஏன் வந்து சேரவில்லை?" என்று தேடுகிறார்.

நமக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. 2005-ல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சட்டம் வந்தாச்சு. ஆனாலும், "அண்ணன் உறவு விட்டுப்போயிடுமே"ன்னு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மிடையே இல்லையா? படித்துப் பார்த்துத்தான் போட்டார்களா? ஊர் ஊராகப் போய் இதைக் கேட்டு, பத்திரங்களோடும் தீர்ப்புகளோடும் ஒப்பிட்டு எழுதினால் அதுதான் ஆய்வு.

நம் கடற்கரையிலும் ஒரு பாடம் இருக்கிறது. பாம்புத் தோலை விற்றுப் பிழைத்த இருளர் மக்களின் தொழில், 1972 வனவிலங்குச் சட்டத்தாலும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையாலும் நின்றுபோனது. மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள வடநெம்மேலியில் 1978-ல் அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. ஒரு சட்டம் பிழைப்பை மூடினால் வேறு வழியை எப்படித் திறப்பது? இதுவும் ஆய்வுக்கு உரிய கேள்விதான்.

படிப்படியாக

1. பி.எல்.: பிளஸ் டூவுக்குப் பிறகு 5 ஆண்டு, அல்லது பட்டத்துக்குப் பிறகு 3 ஆண்டு. செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன.
2. எம்.எல்.: ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் படிப்பது. இதிலேயே சிறிய ஆய்வேடு எழுதப் பழகலாம்.
3. பிஎச்.டி.: எம்.எல்.-லில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதச் சலுகை உண்டு. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பெண்களுக்கு என்ன வசதி?

பிஎச்.டி.யை முடிக்க 3 முதல் 6 ஆண்டுகள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு அவகாசம் தரலாம். பிரசவம், குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் தரலாம். ஆகவே கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தை பிறந்திடுச்சு என்று பாதியில் நிறுத்த வேண்டியதில்லை.

பணத்துக்கு? சட்டப் பாடத்தில் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். இதற்கான வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு சலுகை.

குழுவில் கலந்து பேசுங்கள்

* நம் குழுவில் எத்தனை பேர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? அதில் எழுதியிருந்ததை யாராவது நமக்குப் படித்துக் காட்டினார்களா?
* சட்டம் படிக்கும் பெண் நம் ஊரில் யார்? அவளுக்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?

நாளைக்கு ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக உங்கள் வாசலுக்கு வந்தால், உட்காரச் சொல்லி நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் சொல்வதும் அந்த ஆய்வில் ஒரு பக்கம்.