நீரிறைக்கும் யந்திரத்தின் தண்டு முறிவது ஏன்?

மடுல்சீமையைப் போன்ற மலைச்சாரல்களில் ஓடை தாழ்விலும் மரக்கறித் தோட்டம் மேட்டிலும் அமைந்திருத்தல் இயல்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஊவா மலைகள் வரண்டு கிடக்கும். உருளைக்கிழங்குச் செடி கிழங்கு வைக்கும் அவ்வேளையில் பம்பின் தண்டு முறிந்தால், புதிய தண்டு வரும்வரை பயிர் காத்திராது. முறிந்த தண்டைக் கண்டவுடன் இரும்பு மட்டமானதென்று கடைக்காரரை நொந்துகொள்வோர் பலர். கப்பி பூட்டப்பட்ட இடத்தை முதலில் நோக்குதல் நலம்.

பெல்ட்டினால் ஓடும் தண்டு இருவகை விசைக்கு உட்படுகின்றது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்டைத் திருகுவது முறுக்கம். பெல்ட் கப்பியை ஒரு பக்கமாக இழுப்பதனால் தண்டை வளைப்பது வளைவுத் திருப்பம். கிளையில் அடிமரத்தை ஒட்டி நிற்பவனைக் கிளை தாங்கும். அவனே நுனிக்குச் சென்றால் கிளை முறியும். அவனுடைய பாரம் மாறவில்லை, தூரமே மாறிற்று.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 குதிரைவலுவை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் செலுத்தும் தண்டில் முறுக்கம் ஏறக்குறைய 240 கிலோகிராம்-சென்ரிமீற்றர். (அதே வலுவை 300 சுற்றில் செலுத்தின் இது ஐந்து மடங்காகும். மெதுவாகச் சுழலும் தண்டுகள் தடிப்பாக இருப்பது இதனாலேயே.) கப்பியின் விட்டம் 15 சென்ரிமீற்றராயின், பெல்ட்டின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையே 32 கிலோகிராம் வேறுபாடு வேண்டும். இறுகிய பக்கம் 48, தளர்ந்த பக்கம் 16 எனக் கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் இழுப்பதனால் தண்டின்மேல் விழும் இழுவை 64 கிலோகிராம்.

கப்பி பேரிங்கிலிருந்து 5 சென்ரிமீற்றர் வெளியே நின்றால் வளைவுத் திருப்பம் 320. வசதிக்காக அதனை 15 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் 960! முறுக்கமோ மாறாது 240 ஆகவே நிற்கும். யந்திரம் முன்போலவே நீர் இறைப்பதனால் தீங்கு வெளியே தெரிவதில்லை.

தண்டு சுழல்வதனால், ஒரு புறம் இழுபட்ட இரும்பு அரைச்சுற்றில் நசுக்கப்படுகின்றது. இது மணிக்கு 90,000 தடவை நிகழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போன்றதே இது. சாவி இறங்கும் பள்ளத்தின் மூலையில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி, நாளடைவில் உட்செல்லும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழுவழுப்பாகவும் எஞ்சியது சொரசொரப்பாகவும் காணப்படின், தண்டு அன்றே முறியத் தொடங்கியதன்று என அறிக.

முற்காலத் தேயிலை ஸ்டோர்களில் நீண்ட ஒரே தண்டிலிருந்து பல பெல்ட்டுகள் இறங்கிக் கொழுந்து உருட்டும் யந்திரங்களை ஓட்டின. அத்தகைய தண்டுகளில் கப்பிகளைப் பேரிங்குகளுக்கு அண்மையில் பூட்டுவதே நல்ல வழக்கம். நமது சிறிய பம்புக்கும் அதுவே பொருந்தும்.

பெல்ட் வழுக்கினால் அளவுக்கு மீறி இறுக்குவது தவறு. இழுவை கூடி வளைவும் கூடும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துப் பார்க்கலாம். கப்பியை 20 சென்ரிமீற்றராக்கினால், மேற்கூறிய கணக்கில் இழுவை 64இலிருந்து 48ஆகக் குறையும். வேகம் மாறாதிருக்க எஞ்சின் கப்பியையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். புதுத்தண்டு கடைவோர், பேரிங்கும் அதற்கேற்ப மாறுமாயின், 24 மில்லிமீற்றருக்குப் பதிலாக 30 கொள்க. வலிமை ஏறக்குறைய இருமடங்காகும். எஞ்சினை நிறுத்திய பின்னரே பெல்ட்டைத் தொடுக.