இணையமில்லா வகுப்பறையில் கணிப்பொறி

கணிப்பொறி கொண்டு பாடம் போதிக்க விழையும் ஆசிரியர்க்குத் தடைகள் இரண்டு. இணையத் தொடர்பு நிலையாக இருப்பதில்லை; கருவிகளும் மாணாக்கரின் எண்ணிக்கைக்குப் போதா.

மும்பையில் செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பிற நிறுவனங்களுடன் கூடி, 2015-இல் ‘கிளிக்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அது நடைபெற்றது. பாடங்கள் பள்ளிக் கணிப்பொறியிலேயே சேமிக்கப்பட்டமையால், இணையமின்றியும் அவற்றைப் பயில இயன்றது. ஒரு திரையின் முன் இருவர் மூவர் கூடி உரையாடிக் கற்பதே முறையாகக் கொள்ளப்பட்டது.

தாராவியின் நெருக்கமான வகுப்பறையிலும், ஆசிரியரின் ஒற்றைக் கைபேசி கொண்டே இம்முறையைக் கையாளலாம். ஊசலைப் பற்றிய அசைபடம் ஒன்றை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்க. மாணாக்கரை மும்மூவராகப் பிரித்து, நூலின் நீளத்தை நான்கு மடங்காக்கினால் ஓர் அலைவிற்கு ஆகும் காலம் எத்தனை மடங்காகும் என வினவுக. எல்லாக் குழுவினரும் விடை எழுதிய பின்னரே படத்தைக் காட்டுக. காலம் இரு மடங்கே ஆதலைக் கண்டு பலர் வியப்பர். அடுத்து, நூலில் கல்லைக் கட்டி அவர்களே அளந்தறியட்டும். 25 செ.மீ. நூலில் 10 அலைவுகளுக்குச் சுமார் 10 விநாடியும், 1 மீட்டர் நூலில் சுமார் 20 விநாடியும் ஆகும்.

இவ்வாறு நடத்தப்பெறும் பாடத்தில், வீட்டில் கைபேசி இல்லாத மாணாக்கனும் பின்தங்கான்.