பணம் எந்தப் பக்கம் போகிறது?

எஸ்.பி.எம். முடித்தவர்கள், டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், பகுதி நேர வேலை தேடும் மாணவர்கள் என்று நம் கிளையில் பலர் இப்போது இணையத்தில் வேலை தேடுகிறீர்கள். வாரக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, இந்த வேலை உண்மையா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாகச் சொல்லி வந்ததை இந்த மாதம் பாடமாகவே எழுதிவிட்டேன்.

அப்படிக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பணம் எந்தப் பக்கம் போகிறது? வேலை என்றால் உழைப்பு நம்மிடமிருந்து போகும். பணம் நம்மிடம் வரும். நம் பணம் அவர்களிடம் போனாலோ, யாருடைய பணமோ நம் கணக்கு வழியாகப் போனாலோ, அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது வேலை இல்லை. கீழே வரும் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

1. சம்பளக் கணக்கு

"வீட்டிலிருந்தே வேலை. அனுபவம் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு 300 ரிங்கிட்." இந்த மாதிரி விளம்பரம் வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 நாள் என்றால் 7,800 ரிங்கிட். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். நாள் முழுக்க நின்று உழைப்பவருக்கே அவ்வளவு என்றால், சும்மா கைப்பேசியைத் தட்டுபவருக்கு யார் 7,800 கொடுப்பார்?

2. 'டாஸ்க்' வேலை

இப்போது அதிகம் வருவது இதுதான். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். ஒரு காணொளிக்கு 'லைக்' போட்டால் 5 ரிங்கிட். போட்டதும் பணம் உண்மையாகவே வந்துவிடும். "பாத்தீங்களா, ஏமாத்து வேலை இல்ல!" என்று நம் மனமே சொல்லும். அந்தச் சில ரிங்கிட் தூண்டிலில் கோத்த புழு.

அடுத்த கட்டத்தில், 100 ரிங்கிட் கட்டினால் 130 திரும்பக் கிடைக்கும் என்பார்கள். அதுவும் ஒரு தடவை கிடைக்கலாம். பிறகு 500, 1,000, 3,000. இப்போது பணம் உங்கள் வங்கிக்கு வராது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் எண்ணாக மட்டும் ஏறும். எடுக்கப் போனால், "டாஸ்க் முடியவில்லை", "வரி கட்டுங்கள்" என்று மேலும் கேட்பார்கள். குழுவில் லாபம் வந்ததாகப் படம் போடுகிறவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான்.

3. முன்பணம்

பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முதலாளியே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை தேடித் தரும் முகவர் என்றால், 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி அவருக்கு உரிமம் இருக்க வேண்டும். வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. உரிம எண்ணைக் கேளுங்கள். நிறுவனத்தின் பதிவை எஸ்.எஸ்.எம். பக்கத்தில் தேடுங்கள். பெயரைத் திருடியும் விளம்பரம் போடுவார்கள். ஆகவே நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து எண்ணை எடுத்து, நீங்களே போன் செய்து கேட்பது நல்லது.

நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் பெயரில் உள்ள கணக்கில் பணம் போடச் சொன்னால், அந்த எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் சோதியுங்கள். அதில் புகார் இல்லை என்று வந்தால், இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். நம்பலாம் என்று அர்த்தமில்லை.

4. கணக்கு வாடகை

"உங்க பேங்க் கார்டை மட்டும் குடுங்க, மாசம் 500 தர்றோம்." இதில் பணம் நமக்குத்தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் நம் கணக்கு வழியாகப் போவது ஏமாந்த இன்னொருவரின் பணம். மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்கிறார்கள். சுமை யாருடையதோ, அடி வாங்குவது கழுதை. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் உள்ள பெயரைத்தான். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, நியாயமான காரணமில்லாமல் கணக்கையோ அட்டையையோ பிறரிடம் ஒப்படைப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள்.

5. வெளிநாட்டு வேலை

தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை வேலை, விமான டிக்கெட் இலவசம் என்பார்கள். இங்கே நம்மிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஆளையே கொண்டு போவார்கள். அப்படிப் போன மலேசிய இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடி, கம்போடியாவின் சிஹானுக்வில் போன்ற இடங்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வற்புறுத்தப்பட்டிருக்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல், "முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் போகாதீர்கள்.

6. மாட்டிக்கொண்டால்

பணம் போனது தெரிந்த உடனே 997க்கு அழையுங்கள். இது 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு போலீஸ் புகார். உரையாடலையும் பணம் போட்ட ரசீதையும் அழிக்காதீர்கள். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை 2,400 ரிங்கிட்டை இழந்துவிட்டு மூன்று நாள் வீட்டில் வாயே திறக்கவில்லை. "அம்மா திட்டுவாங்கண்ணா" என்றாள். அந்த மூன்று நாளில் பணம் எங்கோ போய்விட்டது. அதைவிட, அவள் சாப்பிடாமல் தூங்காமல் தனியாகக் கிடந்ததுதான் எனக்கு வலித்தது. திட்டு ஒரு நாளில் தீரும். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். யாராவது உங்களிடம் வந்து சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள், போனை எடுத்து 997ஐ அழுத்துங்கள்.

பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று பின்னாலேயே இன்னொரு கூட்டம் வரும். மறுபடியும் அதே கேள்விதான்: பணம் எந்தப் பக்கம் போகிறது?

குழுவாகப் பேசுங்கள்

அ. உங்கள் கைப்பேசிக்கு வந்த ஒரு வேலைச் செய்தியைக் குழுவில் வாசியுங்கள். அதில் பணம் எந்தப் பக்கம் போகிறது?

ஆ. நண்பர் ஒருவர் 'டாஸ்க்' வேலையில் 200 ரிங்கிட் சம்பாதித்துவிட்டதாகச் சொல்லி உங்களையும் அழைக்கிறார். அவர் மனம் நோகாமல் என்ன சொல்வீர்கள்?

இ. பெர்கேசோவின் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' பக்கத்தில் கட்டணமில்லாமல் வேலை தேடலாம். அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் உங்களுக்குப் பொருந்தும் இரண்டு வேலைகளை அதில் கண்டுபிடித்துக் கொண்டு வாருங்கள். விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.