மொட்டு விரிவதற்குள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன் நான். "சட்டுன்னு முடிவெடுக்கிறவன்தான் ஜெயிப்பான்" என்பது எங்கள் மார்க்கெட்டில் தினமும் காதில் விழுகிற பேச்சு. வேலைக்கு வரும் பையன்கள் முதல் வாரத்திலேயே அதை நம்பிவிடுகிறார்கள். அதே பையன்களை வீட்டுப் பெரியவர்கள், "எதையும் ஆற அமர யோசிச்சுச் செய்யுடா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இதில் எது சரி என்று என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீ எடுத்த முடிவு சரியா தப்பா என்று உனக்கு எப்போது தெரியவரும்?

இன்றைக்கு மதியமே தெரிந்துவிடும் என்றால் வேகமாக முடிவெடுக்கலாம். மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும் என்றால் அதே வேகம் ஆளைக் கவிழ்த்துவிடும். பூ வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரிய பங்கு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மல்லிகையை விடிவதற்கு முன் மொட்டாகப் பறிக்க வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டில் பறிப்பார்கள். வெளிச்சம் வரும் நேரத்துக்குப் பை எங்கள் கடை வாசலில் இருக்கும். அந்த மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும். விரிந்தபின் அதைச் சரம் கட்டவும் யாரும் வாங்க மாட்டார்கள், வெளியூருக்கும் அனுப்ப முடியாது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குத் தடித்த இதழ், நீண்ட காம்பு, நின்று வீசும் மணம் என்று எத்தனையோ பெருமை உண்டு. ஆனால் வியாபாரிக்கு அது கொடுக்கும் அவகாசம் சில மணி நேரம்தான்.

விலையை எழுதி ஒட்டுகிறவர் யாரும் இல்லை. எவ்வளவு வரத்து, நாளைக்கு முகூர்த்தமா, நிலக்கோட்டையில் என்ன விலை போகிறது, ராத்திரி மழையா, கேரளாவிலிருந்து போன் வந்ததா என்று பல விஷயம் சேர்ந்து அது நகர்கிறது. கோடையில் வரத்து குவியும்போது கிலோ முந்நூறு ரூபாய்க்குக் கீழேயும் இறங்கும். பனிக்காலத்தில் செடி சரியாகப் பூக்காது. பொங்கலையும் தை முகூர்த்தத்தையும் ஒட்டி 3000 ரூபாயைத் தாண்டிய நாட்களும் உண்டு. ஒரே காலையில் ஏழு மணி விலையும் பத்து மணி விலையும் வேறாக இருக்கும். "நல்ல விலை வரட்டும்" என்று பையைப் பிடித்து வைத்திருப்பவரின் கையில் மதியம் மிஞ்சுவது சென்ட் பேக்டரிக்குப் போகும் பூதான். அங்கே கிடைக்கும் காசு பறிகூலிக்குக்கூடக் காணாத நாள் உண்டு.

இங்கே யோசித்துக்கொண்டு நிற்பது கேடு. பூ வாடுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், விவசாயியின் நம்பிக்கை போவது. தன் பையை எடைபோட்டுத் தள்ளாமல் கடைக்காரர் தயங்கித் தயங்கி நிற்பதை இரண்டு நாள் பார்த்த விவசாயி மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். விலை பத்து ரூபாய் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார், தயக்கத்தைப் பொறுக்க மாட்டார்.

ஆனால் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பையன்கள் கவனிப்பதில்லை. நான் காலையில் ஒரு நொடியில் விலை சொல்வதைப் பார்க்கிறார்கள். முந்தின இரவு நான் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நாளைக்கு யார் யார் தோட்டத்திலிருந்து எவ்வளவு வரும், யாருக்கு எவ்வளவு தேவை, எந்த விலைக்குக் கீழே போனால் கையில் வைக்காமல் தள்ளிவிடுவது என்று மூன்றையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். வருஷம் பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்த நாட்களையும் திருவிழா நாட்களையும் காலண்டரில் குறித்து வைப்பேன். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் எவ்வளவு பூ வேண்டும் என்பதை அன்று காலையில் கணக்குப் போட்டால் முடிகிற காரியமா?

அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு வீரர்களிடம் நெடுநாள் ஆய்வு செய்தவர். அனுபவப்பட்ட தலைவர்கள் எரியும் வீட்டின் முன்னால் நாலு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பழகிய அடையாளத்தைக் கண்டதும் செயலில் இறங்கிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் அப்படிப்பட்ட உள்ளுணர்வைச் சந்தேகித்தவர். எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இருவரும் 2009-ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், எடுத்த முடிவின் பலனைச் சீக்கிரம் கண்டு பழகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் சட்டென்று தோன்றுவதை நம்பலாம் என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம். மாட்டுத்தாவணியில் இந்த இரண்டும் இருக்கிறது. காலையில் சொன்ன விலை சரியா என்று மதியம் சந்தையே சொல்லிவிடும். தினமும் பரீட்சை, தினமும் ரிசல்ட். அப்படித்தான் கை பழகுகிறது.

இனி அதே மல்லிகையின் மறுபக்கம்.

தை மாதம் விலை ஏறியதைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பூ போடும் ஒரு தம்பி, நிலம் முழுக்க மல்லிகை வைக்கப் போவதாகச் சொன்னார். "அண்ணே, தங்கச்சிமடத்துல நாத்துக்குச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வண்டி அனுப்புறேன்" என்றார். ராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடத்துப் பதியன்கள்தான் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகின்றன. சந்தையில் நான் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் அவரை நிறுத்தினேன்.

மல்லிகையை வைத்தால் மூன்றாம் வருஷத்திலிருந்துதான் சொல்லிக்கொள்ளும்படி மகசூல். அப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் அந்த நிலம் அதற்குத்தான். வருஷா வருஷம் கார்த்திகை வாக்கில் கவாத்து, மொட்டுப்புழுவுக்கும் செம்பேனுக்கும் மருந்து, கோடை முழுக்கத் தண்ணீர். இவ்வளவையும் ஒரு தை மாத விலையை வைத்து முடிவு செய்வது எப்படி? இந்த முடிவுக்கு ரிசல்ட் வர வருஷங்கள் ஆகும். ஒரு மனிதர் வாழ்நாளில் இரண்டு தடவை தோட்டம் வைப்பாரா? தினமும் செய்து பழகாத காரியத்தில் உள்ளுணர்வு என்று ஒன்று இருக்க வழியே இல்லை. இருப்பது ஆசை.

அவரிடம் சொன்னது இதுதான்: "தம்பி, நாத்தை எண்ணுறதுக்கு முன்னாடி ஊர்ல பூப்பறிக்கிற ஆளை எண்ணுங்க." மல்லிகைத் தோட்டத்தின் உயிர் விடியற்காலையில் வரும் அந்தக் கைகளில் இருக்கிறது. செடி பூத்து, பறிக்க ஆளில்லாமல் மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்துபோன தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். என் நோட்டிலிருந்து போன வருஷத்தின் பன்னிரண்டு மாத விலையையும் எழுதிக் கொடுத்தேன், முக்கியமாகக் கோடை மாதங்களை. தை விலை சில நாட்களுக்குத்தான், கோடை வரத்து மாதக் கணக்கில் நிற்கும். ஒரு கோடை முழுக்க யோசித்துவிட்டு அவர் அரை ஏக்கரில் மட்டும் வைத்தார். மீதியில் கடலை. தோட்டம் இன்னும் முழு மகசூலுக்கு வரவில்லை, அதனால் அவர் செய்தது லாபமா என்று நான் சொல்ல முடியாது.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் ஆளை ஏமாற்றுகிற வகை ஒன்று இருக்கிறது: நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு அவசர வேஷத்தில் வந்து நிற்கும். முகூர்த்த நாள் காலை, கூட்டம் நெரியும். முன்பின் தெரியாத வெளியூர் வியாபாரி ஐம்பது கிலோ கேட்பார். "பணம் நாளைக்குப் போட்டுவிடுறேன், வண்டி கெளம்புது, இப்பவே சொல்லுங்கண்ணே." பூவுக்கு விலை சொல்வது அந்த நிமிஷத்து வேலை. கடன் கொடுப்பது அப்படியல்ல. அது சரியா என்று தெரிய வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். இந்த மாதிரி நேரத்தில் நான் பார்ப்பது, இந்த அவசரம் யாருடையது என்று. பூ வாடுகிறது என்றால் அவசரம் எனக்கு. வண்டி கிளம்புகிறது என்றால் அவருக்கு. அவருடைய அவசரத்துக்கு நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. புது ஆளுக்கு முதல் சில லோடு ரொக்கம்தான் என்று கூட்டமில்லாத ஒரு நாளில் முடிவு செய்து வைத்திருக்கிறேன். அதனால் கூட்டத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை, தகராறும் இல்லை. "கடை வழக்கம் அப்படிங்க" என்றால் நல்ல வியாபாரி புரிந்துகொள்வார்.

இந்த முறைக்கு என் மனசில் இருக்கும் முன்மாதிரி வைகை அணை. ஆண்டிபட்டி பக்கத்தில் 1959-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அடைமழை ராத்திரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, எச்சரிக்கை விடலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தால் தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையில் இருப்பவர்கள் கதி என்ன? யோசனையெல்லாம் வெயில் காலத்திலேயே முடிந்து, அடிக்கணக்காக அளவுகோலில் ஏறிவிட்டது. மழை ராத்திரியில் செய்ய வேண்டியது அளவைப் பார்ப்பதும் அறிவிப்பதும்தான். குடும்பத்துக்கும் இது பொருந்தும். சேமிப்பு இந்த அளவுக்குக் கீழே போனால் எந்தச் செலவை நிறுத்துவது, காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தால் ஆஸ்பத்திரி, சொந்தக்காரருக்கு எவ்வளவு வரை கைமாற்று என்பதையெல்லாம் மனசு அமைதியாக இருக்கும்போது பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் அந்தப் பேச்சு கைகொடுக்கும்.

முன்னால் யோசித்து வைத்து, நேரம் வந்ததும் சட்டென்று இறங்குவதற்கு எங்கள் ஊரிலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. மதுரையில் எடுக்கப்பட்ட முடிவுகளில் உலகம் அறிந்தது காந்தியின் ஆடை மாற்றம். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் அரையாடையோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் இன்றைக்கும் காந்தி பொட்டல்தான். ஒரே ராத்திரியில் மாறிவிட்டதாக நாம் பேசிக்கொள்கிறோம். அவரே எழுதியிருப்பது வேறு. வங்காளத்து பாரிசாலில் குல்னாப் பஞ்சத்தைப் பற்றிய பேச்சு எழுந்தபோது ஒரு தடவை, வால்டேரில் கிலாபத் தலைவர் முகமது அலி கைதானபோது இன்னொரு தடவை என்று அந்த எண்ணம் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அவர் அதைத் தள்ளி வைத்திருந்தார். மூன்றாம் தடவை மதுரையில் வந்தபோது மறுநாளுக்குத் தள்ளவில்லை. முதலில் அக்டோபர் 31 வரை என்று ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார். அந்தக் கெடு முடிந்தபின்னும், கடைசி நாள் வரை, அதுதான் அவர் உடை.

அந்தக் கெடுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு யோசித்தபின்னும், முடிவுக்கு ஒரு தேதி வைத்துத் தொடங்கினார். பயந்து பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புது ஊருக்குப் பூ அனுப்பலாமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில், ஒரு முகூர்த்த மாதம் மட்டும் அனுப்பிப் பாருங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பிய பூ எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை உங்கள் யோசனை சொல்லாது, அனுப்பிய பெட்டி சொல்லும். வருஷக்கணக்கில் காத்திருந்து தெரிய வேண்டிய விடையை ஒரு மாதத்துக்குள் கொண்டுவர முடிந்தால், அங்கே வேகமாக இறங்குவதில் தப்பே இல்லை. நிலத்தில் முதலில் அரை ஏக்கர் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நிதானம் என்ற பெயரில் பயம் உட்கார்ந்திருக்கும். யோசிக்கிறேன் என்று சொல்பவரிடம், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள், யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர் யோசிக்கவில்லை, காத்திருக்கிறார். விசாரிப்பதென்றால் ஜெயித்தவரிடம் மட்டும் போகாதீர்கள். மல்லிகைத் தோட்டத்தை அழித்துவிட்டு வேறு வெள்ளாமை வைத்தவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பூத்த தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட அதிகம் தெரியும்.

என் கடைக்கு வரும் பையன்களை நான் பழக்குவது இப்படி. காலையில் வந்ததும், இன்றைக்குப் பத்து மணிக்கு மல்லி, பிச்சி, முல்லை என்ன விலை போகும் என்று எழுதி வைக்க வேண்டும். பத்து மணிக்கு உண்மை விலையைப் பக்கத்தில் எழுத வேண்டும். வித்தியாசம் ஏன் வந்தது என்று சாயங்காலம் பேசுவோம். ஒரு சீசன் முழுக்க இது நடக்கும். கணக்கு நெருங்க ஆரம்பித்ததும், இத்தனை கிலோ வரை என்னைக் கேட்காமலே விற்கலாம் என்று சொல்லிவிடுவேன். அவன் சட்டென்று விலை சொல்லும்போது நான் குறுக்கே பேசுவதில்லை, அன்றைக்கு நஷ்டமானாலும்.

கையெழுத்துப் போடும் காரியம் எதையும் முகூர்த்த மாதத்தில் வைத்துக்கொள்வதில்லை. கடை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன், வண்டி வாங்குவது எல்லாவற்றையும் ஆடிக்குத் தள்ளிவிடுவேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. கோயில் பூ போய்க்கொண்டிருந்தாலும் கடையில் உட்கார நேரம் கிடைக்கும். பேப்பர்களைப் படித்து, நாலு பேரை விசாரித்து, வீட்டில் பேசி, ஆவணி பிறந்ததும் கையெழுத்து. அடுத்த ஆடிக்கு என்று இப்போது ஒரு விஷயம் காத்திருக்கிறது. பூ வைக்கச் சின்னதாக ஒரு குளிர் அறை போடலாம் என்று கடைப் பையன்கள் நச்சரிக்கிறார்கள். கரண்ட் பில் எவ்வளவு வரும், இருப்பு வைத்த பூவுக்கு விலை நிற்குமா என்று விசாரித்து எழுதிக் கொண்டுவரும் வேலையை அவர்களிடமே கொடுத்திருக்கிறேன்.