ஆடுகளின் குடற்புழுவும் வலுவிழக்கும் மருந்தும்

யாழ்ப்பாணத்தில் நெல்லும் காய்கறியும் பயிரிடுவோர் பலர் ஆடும் வளர்க்கின்றனர். பாலும், தோட்டத்துக்கு எருவும், அவசரத்துக்குப் பணமும் தருவது ஆடு. அதன் பெரும் பகை குடற்புழு. அப்புழுவைக் கொல்லும் மருந்து, தவறாகக் கையாளப்படின், நாளடைவில் பயனற்றுப் போகும். அதைத் தடுக்கும் வழிகளை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

புழுவின் வாழ்க்கை

ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழ்ந்து இரத்தம் உறிஞ்சும் புழு மிகக் கொடியது. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். பிழுக்கையுடன் வெளிவரும் இம்முட்டைகள், ஈரமும் வெப்பமும் வாய்க்கின், ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் பருவப் புழுக்களாகிப் புல்லில் ஏறும். ஆகையால் மாரி காலத்தில் ஆபத்து அதிகம்.

மருந்து தோற்பது எவ்வாறு?

கோவாத் தோட்டத்தில் ஒரே பூச்சிநாசினியைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் புழு சாகாதிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இங்கும் அவ்வாறே. மருந்துக்குத் தப்பும் இயல்புடைய சில புழுக்கள் கூட்டத்தில் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, இவை எஞ்சிப் பெருகும். 1961 இல் விற்பனைக்கு வந்த தயாபெண்டசோல் என்னும் மருந்துக்கு, 1964 அளவிலேயே அமெரிக்காவில் செம்மறிகளின் புழுக்கள் எதிர்ப்புக் காட்டின. குதிரைகளின் குடற்புழுக்களிலும் அதே பத்தாண்டில் இந்நிலை அறியப்பட்டது. இலங்கையிலும் ஆட்டுப்பண்ணையில் இத்தகைய எதிர்ப்பு கண்டறியப்பட்டுள்ளது.

செய்யவேண்டியவை

1. எல்லா ஆடுகளுக்கும் மாதந்தோறும் மருந்து கொடுத்தல் தவறு. கீழ் இமையின் உட்புறம் வெளிறியவை, தாடையின் கீழ் வீக்கமுள்ளவை, மெலிந்தவை ஆகியவற்றுக்கே கொடுக்க. நலமான ஆடுகளில் தங்கும் மருந்துக்கு அடங்கும் புழுக்கள், எதிர்ப்புள்ளவற்றை மிகைவிடாது தடுக்கும்.

2. கண்மதிப்பில் அளக்கற்க, ஆட்டை நிறுத்து, நிறைக்கேற்ற அளவு கொடுக்க. குறைந்த அளவு எதிர்ப்பை வளர்க்கும். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. சினையாட்டுக்குக் கொடுக்குமுன்னும் கால்நடை வைத்தியரைக் கேட்க. மருந்துண்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் அவர் கூறும் நாள்வரை விலக்குக.

3. மருந்துக்கு முன்னும், பின் 14 ஆம் நாளிலும் பிழுக்கையைச் சோதிப்பிக்க. முட்டைகள் பெரிதும் குறையாவிடின் வைத்தியர் ஆலோசனைப்படி வேறு வகை மருந்தை நாடுக.

4. வாங்கிய புதிய ஆட்டைத் தனியே கட்டி, மருந்து கொடுத்துச் சோதித்த பின்னரே மந்தையுடன் சேர்க்க.

5. பனி உலர்ந்தபின் மேய்க்க. பூவரசு, கிளுவை முதலிய வேலிக்குழைகளை உயரக் கட்டித் தீனியிடுக. புழு நிலத்தையொட்டிய புல்லிலேயே மிகுதி.

6. பிழுக்கையைக் குவித்து நன்கு மக்கச் செய்து தோட்டத்துக்கு இடுக. மக்கும் வெப்பம் முட்டைகளை அழிக்கும். பயிருக்கும் நல்லெரு கிடைக்கும்.

புதிய மருந்து எப்போதும் கிடைக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. கையிலுள்ள மருந்தின் வலுவைக் காப்பது கமக்காரரின் கடன். தேவையான ஆட்டுக்கு, தேவையான வேளையில், சரியான அளவில் கொடுங்கள். மந்தை செழிக்கும், தோட்டமும் செழிக்கும்.