கணக்குப் பைல்கள் கெட்டுப் போனால்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



நம் முன்னோர் ஜாசினிலும் பெம்பானிலும் மெர்லிமாவிலும் கடை நடத்திய காலத்தில் கணக்கெல்லாம் பேரேட்டில் இருந்தது. கரையானும் மழையுமே அதற்கு விரோதிகள். 2015 ஏப்ரல் 1ந் தேதி ஜி.எஸ்.டி. வரி அமுலுக்கு வந்தபோது நம்மில் பலர் அவசரமாகக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அந்த வரி 2018ல் போய்விட்டது, கம்ப்யூட்டர் போகவில்லை. வருமான வரிச் சட்டமோ வியாபாரக் கணக்குகளை ஏழு வருஷம் பத்திரப்படுத்தச் சொல்கிறது. ஆகவே பழைய கணக்குகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்த நிம்மதி சரியானதா என்பதே இப்பாடம்.

நமக்கு நேர்ந்தது

ஒரு நாள் மாலை நமது கடையில் கணக்கை டிஸ்கில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இடி இடித்து மின்சாரம் நின்றது. மறுநாள் டிஸ்கைச் செருகினால், "இதை உபயோகிக்குமுன் பார்மட் செய்ய வேண்டும்; செய்யலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. கடைப் பையன் சரி என்று அழுத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினோம். இடமில்லை என்று கம்ப்யூட்டரிலிருந்த பழைய பைல்களை முன்பே அழித்திருந்தோம். தோட்டத்து ஜனங்கள் நமக்குத் தர வேண்டிய கடன், மொத்த வியாபாரிகளுக்கு நாம் தர வேண்டிய பாக்கி, சிலர் நம்மை நம்பிக் கொடுத்து வைத்த அமானிதப் பணம், எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தன.

டிஸ்கினுள் நடப்பது என்ன?

ஹார்ட் டிஸ்கினுள் மெருகேற்றிய தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனைவிட மிக மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும்.

இன்னொன்றையும் அறிய வேண்டும். கிடங்கில் சரக்கு இருக்கும். எந்தச் சரக்கு எந்த அடுக்கில் என்ற பட்டியல் கல்லாவில் இருக்கும். டிஸ்கும் அப்படியே. பைல்கள் ஓரிடத்தில், அவை இருக்கும் இடங்களின் அட்டவணை வேறிடத்தில். எழுதும்போது மின்சாரம் நின்றாலோ, கம்பியைப் பிடுங்கினாலோ, பெரும்பாலும் கெடுவது அட்டவணைதான். சரக்கு அப்படியே இருக்கும். பார்மட் செய்வதென்பது பழைய பட்டியலைக் கிழித்துப் புதிய வெற்றுப் பட்டியல் வைப்பதாகும். அதன்மேல் புதிதாக எழுத எழுதப் பழைய சரக்கும் அழியும்.

முதலில் நோயை அறிக

பைல் திறக்கவில்லை என்றதும் டிஸ்க் கெட்டது என்று முடிவு செய்யலாகாது. காரணங்கள் பல.

(1) கம்பி: முதலில் கம்பியை மாற்றி, வேறு துளையில், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அற்பக் கம்பி பெரிய நோய்போலக் காட்டும்.

(2) வைரஸ்: பைல்களெல்லாம் திடீரென்று ஷார்ட்கட் குறிகளாக மாறியிருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் வேலை. உண்மைப் பைல்கள் மறைக்கப்பட்டிருக்கும். அக்குறிகளை அழுத்தாமல், வைரஸ் ஒழிப்பானை ஓட்டிவிட்டு, மறைந்த பைல்களைக் காட்டச் செய்யுங்கள்.

(3) எழுத்து: பழைய தமிழ்ப் பைலைத் திறந்தால் விளங்காத குறிகள் தோன்றும். இது பைலின் கோளாறே அல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முதலிய மென்பொருள்களில் நாம் தட்டச்சு செய்த காலத்தில் எழுத்துக் குறியீடுகள் பலவிதமாய் இருந்தன. 1999ல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு அவற்றை ஒழுங்குபடுத்த முயன்றது. பிற்பாடு யூனிகோட் பொதுவாயிற்று. பழைய எழுத்துருவைப் போட்டால் பைல் வாசிக்கத் தெரியும். அல்லது யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளலாம். இதை அறியாமல் பழைய அங்கத்தினர் பட்டியலைக் கெட்டுப் போனதென்று அழித்தவர்களும் உண்டு.

(4) உடல் நோய்: டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மேற்கொண்டு ஓட்டினால் தட்டு கீறிப் போகும். வீட்டில் திறந்து பார்க்கவும் கூடாது. தூசியில்லா அறையில் திறக்கும் நிபுணரிடமே கொடுக்க வேண்டும்.

(5) அட்டவணைக் கோளாறு: நமக்கு நேர்ந்தது இதுவே.

சிகிச்சை முறை

வரிசை இங்கே முக்கியம், மாற்றலாகாது.

முதலாவது, கெட்ட டிஸ்கில் ஒரு எழுத்தும் புதிதாக எழுத வேண்டாம். இரண்டாவது, பைல்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அவசியமானவற்றை முதலில் வேறு டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். மூன்றாவது, தெரியாவிட்டால் டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு டிஸ்கில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். வைத்தியமெல்லாம் பிரதியின்மீது நடக்கட்டும். நான்காவது, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன. டெஸ்ட்டிஸ்க் அட்டவணையைச் செப்பனிட உதவும். போட்டோரெக் அட்டவணையைப் பாராமல் பைலின் உள்ளடக்கத்தைக் கொண்டே மீட்கும். ஆனால் பழைய பெயர்கள் கிடைக்கமாட்டா. ஐந்தாவதாகவே விண்டோஸின் செக் டிஸ்க். பலர் இதை முதலில் ஓட்டுகிறார்கள். அது டிஸ்கிலேயே மாற்றி எழுதும்; உடைந்த துண்டுகளை வேறு பெயரில் தனிப் பெட்டியில் போட்டுவிடும். பிரதி எடுக்குமுன் அதைத் தொடலாகாது. எக்செல் பைல் ஒன்று மட்டும் திறக்காவிட்டால், அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, திறக்கும் இடத்திலேயே உள்ள "திறந்து பழுது பார்" என்ற வழியைக் கையாளலாம்.

நமது டிஸ்கும் இம்முறையிலேயே பெரும்பாலும் மீண்டது. ஒரு மாதக் கணக்கு மட்டும் திறக்கவேயில்லை. மொத்த வியாபாரிகளிடம் அவர்களுடைய கணக்கைக் கேட்டு வாங்கினோம். கடன் வாங்கியவர்களிடம் உள்ளதைச் சொன்னோம். தோட்டத்து மூதாட்டி ஒருவர், "பாய், முப்பத்தெட்டு வெள்ளி என் பேரில் எழுதிக்குங்க" என்று தாமே வந்து சொன்னார். சொல்லாதவர்களும் உண்டு, அதை விட்டுவிட்டோம். நமக்கு வர வேண்டியதை மன்னிக்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அமானிதமாகக் கொடுத்தவரிடம் போய், "டிஸ்க் கெட்டுவிட்டது, எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்க நேர்ந்ததே, அதுதான் நம்மைத் தலைகுனிய வைத்தது. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தவர் நாம். எழுதியதைக் காப்பதும் அக்கடமையில் சேர்ந்ததல்லவா?

வராமல் காப்பது

எழுதியவை அழிவது புதிதல்ல. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதியுள்ள புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். ஒற்றைச் சுவடி போனால் போனதுதான். நமது கணக்குக்கும் இதுவே விதி.

நிபுணர்கள் "மூன்று, இரண்டு, ஒன்று" என்பார்கள். கணக்குக்கு மூன்று பிரதிகள். இரண்டு வெவ்வேறு சாதனங்களில். ஒன்று கடைக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று இருந்தால் போதும். இரண்டு டிஸ்கையும் ஒரே லாச்சியில் வைத்தால் திருடனுக்கும் நெருப்புக்கும் அவை ஒன்றே. எழுதி முடிந்ததும் "பத்திரமாகக் கழற்று" என்ற கட்டளை கொடுத்த பிறகே கம்பியை எடுக்க வேண்டும். இடி மழை நேரத்தில் பிரதி எடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை பழைய பைல் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்து பாராத பிரதியை நம்புவதற்கில்லை.

சகோதரர்களே! இன்றிரவு கடை அடைக்குமுன் உங்கள் கணக்குக்கு எத்தனை பிரதிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், இரண்டாவதை எடுத்த பிறகே கடையைப் பூட்டுங்கள். அறிந்தோர் அறியாதோருக்கு எடுத்துச் சொல்வார்களாக.