சாவி யார் இடுப்பில்?

கண்ணு, நாளைக்கு நீ வேலையில் சேருகிறாய். தெருவில் கிடந்து, பிறகு மனநலக் காப்பகத்தில் வருஷக்கணக்கில் இருந்து, இப்போது நாலைந்து பேராக ஒரு வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் துணையாக. அத்தை முதலில் காப்பகத்திலும், பிறகு இப்படிப்பட்ட வீடுகளிலும் தேய்ந்தவள். நான் சரியாகச் செய்ததை ஊர் சொல்லும். தப்பாகச் செய்ததை நான்தானே சொல்ல வேண்டும்?

1. கதவைத் தட்டு. உன் கையிலும் ஒரு சாவி கொடுப்பார்கள், அது ஆபத்துக்கு. முதல் நாள் நான் விறுவிறுவென்று உள்ளே போய், அடுப்படியில் பானையைத் திறந்து பார்த்தேன். பதினொரு வருஷம் காப்பகத்தில் இருந்த அம்மா ஒருத்தி பின்னால் வந்து நின்று, "யார் வீடுன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், தட்டிவிட்டுத் திரும்ப வந்தேன்.

2. வீட்டைப் பரிசாக ஆக்காதே. என் ஆறாத புண் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காப்பகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். "எனக்கு ஒரு ரூம் போதும்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆறு மாசம் ஒழுங்காக மாத்திரை போடுங்கள், குடியை விடுங்கள், பார்க்கலாம் என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். நாலாம் மாசம் வெளியே போனவர் திரும்பவில்லை. சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். மூன்று ராத்திரி தேடினேன். கிடைக்கவில்லை.

நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். முதலில் வீடு, மருந்தும் மற்றதும் அவரவர் சம்மதத்தோடு பிறகு. தெருவிலிருந்து நேரே குடிவந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீடுகளில் நிலைத்தார்கள். கூரை இல்லாதவனிடம் ஒழுங்கைக் கேட்பது, கிணறு வெட்டுமுன் குடத்தை நிரப்பச் சொல்வது மாதிரி. இதை நான் முன்பே படித்திருக்கலாம்.

3. ஒதுங்கும் இடம் வேறு, வீடு வேறு. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், இரவு பகல் வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும், குறைத்துப் பேசாதே. ஆனால் அங்கே யாரும் விருந்தாளியைக் கூப்பிட முடியாது, பார்.

4. என்ன சமைக்கலாம் என்று கேள், பதிலுக்குக் காத்திரு. ஒரு பெண்ணிடம் தினமும் கேட்பேன். "நீங்க போடுறதுதான்" என்பாள். இத்தனை வருஷம் அவளை யாருமே கேட்டதில்லை. விருப்பம் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு மாசம் கழித்து ஒரு நாள், "கருவாட்டுக் குழம்பு" என்றாள். கீழ்வீட்டில் ஓனர் சுத்த சைவம். அட்வான்ஸோடு வீடும் போகுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாசனை தெருமுனை வரை போயிற்று. ஓனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவ்வளவுதான் நஷ்டம்.

5. "இவங்களை ஏன் ஆஸ்பத்திரியிலேயே வைக்கலை?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கோபப்படாதே, பதில் தெரிந்து வைத்துக்கொள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, சாதாரணத் தெருவில் சாதாரண வீடு எடுத்து, கூட இருக்க ஆளும் வைத்து, 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. இதைப் பிரசங்கமாகச் சொல்லாதே. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பால் வாங்கும்போது சொல்.

6. பழங்கதையைக் கிளறாதே. அவர்களாகச் சொன்னால் கேள்.

7. சொந்தக்காரர் கிடைத்துவிட்டார் என்று துள்ளாதே. ஒரு பெண்ணின் அண்ணனைத் தேடிப் பிடித்து, ஊருக்கே கொண்டுபோய் விட்டேன். புடவை வைத்துக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டோம். மூன்று மாசத்தில் அவள் வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். போகிறாயா என்று அவளைக் கேட்டேன்தான், தலையாட்டினாள். பெரியவர்கள் கேட்டால் தலையாட்டித்தான் பழக்கம் என்பதை நான் கவனிக்கவில்லை. மறுபடி மறுபடி, வேறு வேறு நாளில் கேள். "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரும்வரை அவள் சொல்லும் "சரி"யை நம்பாதே.

8. பாஸ்புக், ஆதார், உதவித்தொகைச் சீட்டு எல்லாம் அவரவர் பெட்டியில் இருக்கட்டும். பத்திரமாக இருக்குமே என்று உன் பீரோவில் வாங்கி வைக்கத் தோன்றும். தொலைந்தால் மறுபடி எடுக்க அலையலாம்; நான் அலைந்திருக்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

9. கட்டில் வாங்கிப் போட்டும் சிலர் வாசற்படியோரம் தரையில், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். பிளாட்பாரத்தில் செருப்பு திருடுபோகாமல் இருக்க அதுதான் வழி. ஒருவர் எட்டு மாசம் அப்படிப் படுத்தார். நான் இரண்டு தடவை திட்டினேன்; அந்த இரண்டு தடவையும் இன்னும் கசக்கிறது. பாய் விரித்துக் கொடு, விட்டுவிடு.

10. உனக்கும் அலுப்பு வரும், எரிச்சல் வரும். அன்றைக்கு லீவு போட்டுவிடு. கடுகடுத்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழையாதே.

காலையில் ஒன்பது மணிக்குப் போ. சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருக்கிற அம்மாதான் வந்து திறப்பாள். அவளுக்கு முட்டிவலி, எழுந்து வரப் பத்து நிமிஷம் ஆகும். இரண்டாம் தடவை தட்டாதே, நில்.